தென் துருவக் கடலின் சீல் ஒலிகளைக் கேட்டுப் பிரித்துக் குறிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் துருவக் கப்பலான எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 ஒவ்வொரு கோடையிலும் கேப் டவுனிலிருந்து அண்டார்க்டிகாவுக்குப் புறப்படுகிறது. அதில் ஏறிச் செல்லும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைக்கும். ஆனால் அந்தக் கடலில் இறக்கிவைத்த ஹைட்ரோபோன்கள் என்னும் நீரடி ஒலிவாங்கிகள் பதிந்து தரும் ஒலிகளைக் கேட்டு, எந்த மணியில் எந்தச் சீல் (கடல்நாய்) குரல் கொடுத்தது என்று குறித்து வைக்கும் வேலையை டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ வீட்டு மேசையில் உட்கார்ந்தபடியே செய்ய முடியும். இங்குள்ள தமிழ் இளைஞர்கள் சிலருக்கு இந்த வேலையைப் பழக்கியபோது அவர்கள் ஒரே இடங்களில் திரும்பத் திரும்பத் தடுமாறுவதைக் கவனித்தேன். பெரும்பாலான தடுமாற்றங்களுக்குக் காரணம் காது அல்ல, வரிசை. கேட்டவுடன் விலங்கின் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில், பெயருக்கு முன் செய்ய வேண்டியவற்றை விட்டுவிடுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் பெயர் சூட்டும் வேலை கடைசிப் பகுதிகளில்தான் வருகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மடிக்கணினி, காதை முழுவதும் மூடும் கம்பி ஹெட்போன், ஒலியைப் படமாகக் காட்டும் மென்பொருள், ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். மென்பொருளில் ஆடாசிட்டி, ரேவன் லைட் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒலியின் மேல் பெட்டி வரைந்து, அதன் தொடக்க நேரம், முடிவு நேரம், அதிர்வெண் எல்லைகள் ஆகியவற்றை அட்டவணையாகப் பெற ரேவன் லைட் வசதியானது.

புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அது ஒலியைச் சுருக்கி அனுப்புவதோடு சற்றுத் தாமதமாகவும் தருகிறது. திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக் குறிக்கும்போது உங்கள் குறி ஒலிக்குப் பின்னால் விழும். காதை மூடாத ஹெட்போனும் உதவாது. டர்பனில் விடியற்காலையில் ஹடீடா பறவைகள் கத்தத் தொடங்கினால் மெல்லிய ஒலி எதுவும் கேட்காது. கேப் டவுனில் கோடைத் தென்கிழக்குக் காற்று ஜன்னலை ஆட்டும்போதும் அதே நிலைதான். இரவு வேளையே இந்த வேலைக்கு உகந்தது.

ஒலியளவை ஒருமுறை நிர்ணயித்த பிறகு மாற்றாதீர்கள். பதிவில் உள்ள மிக உரத்த பனிவெடிப்பை முதலில் தேடிப் பிடித்து, அது காதை உறுத்தாத அளவுக்கு வையுங்கள். மெல்லிய ஒலிக்காகக் கூட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென ஒரு பனிப்பாறை பிளந்தால் செவிக்குக் கேடு. தவிர, அளவை அடிக்கடி மாற்றினால் எது அருகில், எது தொலைவில் என்று காது பழகிக்கொள்ள வழியே இல்லாமல் போகும்.

ஒப்பிட்டுப் பார்க்க உறுதி செய்யப்பட்ட மாதிரி ஒலிகளும் வேண்டும். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் வாட்கின்ஸ் கடற்பாலூட்டி ஒலித் தொகுப்பில் வெடல் சீல், சிறுத்தைச் சீல், ராஸ் சீல் முதலியவற்றின் ஒலிகள் பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கின்றன.

2. கோப்பின் பின்னணி விவரங்களை எழுதி வைத்தல்

ஒலியை ஓட்டுவதற்கு முன்பே ஆறு விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: ஹைட்ரோபோன் இருந்த இடம், ஆழம், மாதம், மாதிரி வீதம் (வினாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது), எந்த இடைவெளியில் பதிவானது, நேரம் எந்த மண்டலத்தில் உள்ளது. இவற்றில் ஒன்று தெரியாவிட்டாலும் பிறகு செய்யும் வேலை ஆட்டம் கண்டுவிடும்.

மாதிரி வீதத்தில் சரிபாதிக்கு மேல் உள்ள அதிர்வெண் எதுவும் பதிவில் இருக்காது. வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்த பதிவில் 24,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கலாம். திமிங்கிலங்களுக்காக 4,000 மாதிரிகள் மட்டும் எடுத்த பதிவென்றால் 2,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அத்தகைய பதிவில் சிறுத்தைச் சீலின் உயர் நடுக்க ஒலி இல்லை என்று எழுதுவதில் பொருளில்லை. அது பதிவாகவே வழியில்லை. மறுபுறம், வெடல் சீல்கள் மனிதக் காதுக்கு எட்டாத மீயொலிகளையும் எழுப்புகின்றன என்பதை அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ சவுண்ட் என்னும் கடற்பகுதியில் நடந்த ஆய்வு 2020-இல் வெளியிட்டது. அவற்றில் சில 50 கிலோஹெர்ட்ஸை எட்டுகின்றன. வழக்கமான 48,000 மாதிரிப் பதிவில் அவையும் தவறிப்போகும்.

நேர மண்டலத்தில் இங்குள்ளவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. பதிவுகள் பெரும்பாலும் யூ.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், தென்னாப்பிரிக்க நேரம் அதைவிட இரண்டு மணி முன்னால் உள்ளது. பழக்கத்தில் இரண்டு மணியைக் கூட்டி எழுதிவிடுகிறார்கள். அண்டார்க்டிகாவின் எக்ஸ்ட்ரோம் பனித்திட்டில் 2005-இல் நிறுவப்பட்ட பலாவோவா ஒலி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 100 மீட்டர் தடிமனான மிதக்கும் பனியைத் துளைத்து அதன் ஹைட்ரோபோன்கள் கடலுக்குள் இறக்கப்பட்டன. அது மேற்குத் தீர்க்கரேகை 8 பாகைக்கு அருகில் உள்ளதால், அங்குள்ள சூரிய நேரம் யூ.டி.சி.யிலிருந்து அரை மணி அளவுக்கே வேறுபடும். பல சீல்கள் நண்பகலையொட்டிப் பனிமேல் ஏறிப் படுத்துக்கொள்வதால் நீருக்கடியில் குரல் குறைகிறது. இரண்டு மணியைக் கூட்டி எழுதினால் இந்த அன்றாட ஒழுங்கு முழுவதும் இடம் மாறித் தெரியும்.

3. மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்தல்

வேவ் வடிவிலுள்ள மூலக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் பூட்டி வைத்துவிட்டு நகலைத் திறங்கள். எம்பி3 ஆக மாற்றாதீர்கள். மனிதக் காது கவனிக்காது என்று அந்தச் சுருக்கமுறை கருதும் பகுதிகளை அது வெட்டிவிடுகிறது, தொலைதூரச் சீலின் குரல் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கும்.

இரைச்சல் நீக்கும் வசதியை எந்தக் காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் அனைவரும் முதலில் தேடுவது அந்தப் பொத்தானைத்தான். துருவக் கடலின் இரைச்சலே நமக்கு வேண்டிய தகவலில் பாதி. அதை அழித்தால் காற்று எவ்வளவு பலமாக வீசியது, பனி மூடியிருந்ததா, திறந்த நீரா என்பனவற்றை அறிய வழியில்லை. அதோடு, அந்த வசதி விட்டுச்செல்லும் குமிழி போன்ற மிச்ச ஒலிகளை விலங்கின் குரல் என்று குறித்தவர்களும் உண்டு.

4. திரையைச் சரிசெய்தல்

ஸ்பெக்ட்ரோகிராம் என்னும் ஒலிப்படத்தில் கிடைமட்டம் நேரத்தையும் செங்குத்து அதிர்வெண்ணையும் காட்டும்; நிறத்தின் அடர்த்தி வலிமையைக் காட்டும். ஆடாசிட்டியில் செங்குத்து அளவுகோல் மெல் என்று இருந்தால் நேரியலுக்கு மாற்றுங்கள். மெல் அளவுகோல் மேல்பகுதியை நசுக்கிக் காட்டுவதால், வெடல் சீலின் நீண்ட இறக்கம் தன் உண்மை வடிவத்தை இழந்துவிடும்.

சீல்களுக்கு, 48,000 மாதிரிப் பதிவில் சாளர அளவை (ஒரு துண்டில் எத்தனை மாதிரிகள் என்பதை) 2,048 என்று வைத்தால் ஒவ்வொரு துண்டும் சுமார் 43 மில்லிவினாடி நீளமும், அதிர்வெண் பிரிப்பு சுமார் 23 ஹெர்ட்ஸும் இருக்கும். துடிப்புகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமானால் சாளரத்தை 512-க்குக் குறைக்க வேண்டும். நேரமும் அதிர்வெண்ணும் ஒருசேரத் துல்லியமாகக் கிடைக்காது. ஒன்றைக் கூர்மையாக்கினால் மற்றது மங்கும். ஆகவே ஐயமுள்ள ஒவ்வோர் ஒலியையும் இரண்டு சாளர அளவுகளிலும் பாருங்கள். ஒன்றில் ஒரே கோடாகத் தெரிவது மற்றொன்றில் நெருக்கமான துடிப்புகளின் வரிசையாகப் பிரிந்து தெரிவதுண்டு. வேகமாகத் துடிக்கும் நடுக்க ஒலியையும், இடைவிடாமல் உயரம் மாறிச் செல்லும் தூய வழுக்கொலியையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.

பார்வையை மூன்று சுற்றுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பத்து நிமிடம் என்று முதலில் ஓட்டி, எங்கே செறிவு என்று மட்டும் பாருங்கள். பிறகு திரைக்கு ஒரு நிமிடம். குறிக்க வேண்டியவற்றைத் தேர்ந்தெடுங்கள். இறுதியாகத் திரைக்குப் பத்து வினாடி; இங்கேதான் பெட்டி வரைய வேண்டும்.

5. சீல் அல்லாதவற்றை முதலில் கற்றல்

இந்தப் படியை யாரும் விரும்புவதில்லை. ஆனால் வேலையின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. சீல் எது என்று அறிவதற்கு முன், சீல் அல்லாதவை எவை என்று காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கருவியின் ஒலிகளிலிருந்து தொடங்குங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸில் அசையாத நேர்க்கோடுகள் தெரிந்தால் அது மின்சாரத்தின் ரீங்காரம். காதில் ரீங்காரம் கேட்டும் படத்தில் கோடு இல்லை என்றால், அது உங்கள் வீட்டு மின்னிணைப்பிலிருந்து ஹெட்போனுக்குள் வருவது. மடிக்கணினியின் மின்செருகியைக் கழற்றினால் நின்றுவிடும். நங்கூரக் கயிறு நீரோட்டத்தில் அதிரும்போது 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓர் உறுமல் எழும். ஓதத்தோடு சேர்ந்து அது கூடிக் குறைவதே அடையாளம்.

அடுத்தது காற்று. திறந்த கடலில் காற்று வலுக்கும்போது சில நூறு ஹெர்ட்ஸ் முதல் பல கிலோஹெர்ட்ஸ் வரை படம் முழுவதும் வெளிறிய திரை போல ஏறும். கடல் பனியால் மூடியிருந்தால் அலை எழாது என்பதால் கடும் புயலிலும் நீருக்கடியில் அமைதி நிலவலாம். மாதத்தை முன்பே எழுதச் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

பின் பனி. நம் கிழக்குக் கரையில் பாறைகளுக்கருகே ஹைட்ரோபோன் இறக்கிக் கேட்டவர்கள் சொடுக்கு இறால்கள் எழுப்பும் ஓயாத படபடப்பைப் பார்த்திருப்பார்கள். துருவக் கடலில் சொடுக்கு இறால்கள் இல்லை. அங்கே அதுபோன்ற பொரிதல் கேட்டால், உருகும் பனிப்பாறையில் அடைபட்டிருந்த பழங்காலக் காற்றுக் குமிழிகள் அழுத்தத்தோடு வெடிக்கின்றன என்று பொருள். அதன் வலிமை 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் அளவில் மிகும். பனிப்பாறை தரைதட்டினாலோ மற்றொன்றோடு உரசினாலோ நிமிடக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் நீளும் இசைபோன்ற அதிர்வு எழும். படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இணைகோடுகள் ஒன்றாகவே வளைந்து நெளியும். இதைத் திமிங்கிலம் என்று எழுதாத புதியவரைக் காண்பது அரிது. 1997-இல் பசிபிக்கின் தென்பகுதியில் பதிவான ‘புளூப்’ என்ற பேரொலி ஏதோ பெரும் விலங்கினுடையது என்று பல காலம் பேசப்பட்டு, இறுதியில் பனிப்பிளவின் ஒலி என்று விளக்கப்பட்டது.

இறுதியாகத் திமிங்கிலங்கள். அண்டார்க்டிக் நீலத் திமிங்கிலத்தின் அழைப்பு 26 ஹெர்ட்ஸை ஒட்டி நேராகச் சென்று, சரிந்து, 19 ஹெர்ட்ஸை ஒட்டி முடியும். ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். இதைப் பார்க்க, நகலை வினாடிக்கு 250 மாதிரிகளாகக் குறைத்து 512 சாளரத்தில் பாருங்கள். வேகத்தைப் பத்து மடங்காக்கினால் காதிலும் கேட்கும். ஆனால் வேகம் மாற்றிய கோப்பில் அதிர்வெண்ணை அளந்து எழுதிவிடாதீர்கள், எல்லாம் பத்து மடங்காக இருக்கும். 50 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் ஓரிரு வினாடிக்கு ஒருமுறை கூட்டமாக வரும் துடிப்புகள் வாத்தொலி எனப்படும். பல பத்தாண்டுகள் புதிராக இருந்த இது அண்டார்க்டிக் மிங்க் திமிங்கிலத்தினுடையது என்பது 2014-இல் உறுதியானது. கீழ்ப்பட்டையில் இந்த இரண்டையும் அடையாளம் காணத் தெரியாதவர் சீலுக்குப் போகக் கூடாது என்பதே என் கருத்து.

6. நான்கு சீல்களை இந்த வரிசையில் பழகுதல்

பலரும் வெடல் சீலிலிருந்து தொடங்குகிறார்கள், கேட்கக் கிடைக்கும் ஒலிகளில் அதுவே பெயர்பெற்றது என்பதால். அது தவறான வரிசை. வெடல் சீலின் ஒலிவகைகள் மிகப் பல. மெக்மர்டோ சவுண்டில் 34 வகைகளை 1982-இல் பட்டியலிட்டார்கள். குறைந்த வகைகளை ஒரே அச்சில் திரும்பத் திரும்பச் சொல்லும் விலங்கே முதல் பாடத்துக்கு ஏற்றது.

முதலில் சிறுத்தைச் சீல். இதன் தாழ் இரட்டை நடுக்கம் 300 ஹெர்ட்ஸை ஒட்டியும், உயர் இரட்டை நடுக்கம் சுமார் 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸிலும் அமையும். முதல் நடுக்கம், சிறு இடைவெளி, மீண்டும் நடுக்கம் என்பது அமைப்பு. சாளரத்தைக் குறைத்துப் பார்த்தால் நடுக்கம் தனித்தனித் துடிப்புகளாகப் பிரியும். இனப்பெருக்கக் காலத்தில் தனியாக வாழும் ஆண், சில வகை ஒலிகளை ஓர் ஒழுங்கில் மணிக்கணக்கில் அடுக்கிச் சொல்லும். எக்ஸ்ட்ரோம் பகுதியில் அக்டோபர் முதல் ஜனவரி வரை கேட்கும்.

அடுத்து நண்டுண்ணிச் சீல். பெயர் அப்படி இருந்தாலும் இதன் உணவு இறால் போன்ற சிறு உயிரியான கிரில். துரு ஏறிய கீல் கொண்ட கதவை மெல்லத் திறப்பது போன்ற முனகல், இரண்டு மூன்று வினாடி நீளும். ஒலிப்படத்தில் அகன்ற பட்டையாக, உள்ளே நெருங்கிய வரிகளோடு தெரியும். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை கேட்கலாம். உச்சக் காலத்தில் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் தனித்தனியாக எண்ண முடியாது. எண்ண முடியாதபோது எண்ணாதீர்கள். ‘கூட்டொலி’ என்று குறியுங்கள்.

மூன்றாவது ராஸ் சீல். இதன் குரல் அபாயச்சங்கைப் போல வழுக்கி ஏறியும் இறங்கியும் செல்வது. தாழ்வு, இடை, உயர்வு என வெவ்வேறு உயரங்களில் இதே உருவம் வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் கேட்கும். இங்கேதான் பனியின் கீச்சொலி ஏமாற்றும். நான் கடைப்பிடிக்கச் சொல்லும் விதி இதுதான்: ஒரே உருவம், ஒரே உயரத்தில், அடுத்த சில நிமிடங்களுக்குள் குறைந்தது மூன்று முறை வந்தால் மட்டுமே விலங்கு. பனி அதே வடிவை மூன்று முறை மாறாமல் எழுப்புவது அரிது. அதன் தொடக்கமும் முடிவும் பிசிறு தட்டியிருக்கும். ஜூலையில் ராஸ் சீல் கேட்டதாக எழுதியிருந்தால் பெயரை அழித்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

கடைசியாக வெடல் சீல். இது கரையோடு ஒட்டிய அசையாப் பனியில் மூச்சுத் துளைகளைப் பல்லால் அரம்போல் தேய்த்துத் திறந்து வைத்துக்கொண்டு வாழ்கிறது. ஆண்கள் துளையின் கீழுள்ள நீரைத் தம் எல்லையாகக் காக்கின்றன. நீண்ட நடுக்கம் பத்து கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே தொடங்கி, சில நூறு ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக இறங்கும்; சில ஒரு நிமிடத்தையும் தாண்டும். பத்து வினாடித் திரையில் மட்டும் பார்த்தால் அதன் ஒரு துண்டே தெரியும். அத்துண்டைச் சிறுத்தைச் சீல் என்று எழுதிவிடுகிறார்கள். ஆகவே எந்த நடுக்கத்தையும் குறிக்கும் முன் ஒரு நிமிடத் திரைக்குத் திரும்பிப் போய் முழு உருவத்தையும் பாருங்கள். எக்ஸ்ட்ரோமில் பிப்ரவரி தவிர எல்லா மாதங்களிலும் இதன் குரல் உண்டு என்பதால், மாதம் இங்கே உதவாது.

வடதுருவப் பதிவு கையில் வந்தால் மேற்கண்ட எதுவும் பொருந்தாது. அங்கே சுருண்டு சுருண்டு இறங்கும் நீண்ட நடுக்கம் தாடிச் சீலுடையது. வசந்த காலத்தில் மிகும். இடத்தைப் பார்க்காமல் அதை வெடல் சீல் என்று எழுதும் பிழை, இரண்டாம் படியைத் தவிர்த்தவர்களுக்கே நேர்கிறது.

7. குறித்தல்

பெட்டியை ஒலியின் விளிம்பை ஒட்டி வரையுங்கள். பெட்டி பெரிதானால் அதிர்வெண் எல்லைகள் பொய்யாகும். எதிரொலியை உள்ளே சேர்க்காதீர்கள். துருவக் கடலில் மேற்பரப்பில்தான் ஒலியின் வேகம் மிகக் குறைவு, உறைநிலையை ஒட்டி வினாடிக்குச் சுமார் 1,440 மீட்டர். அதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து, பனியின் அடிப்பரப்பில் மோதி மோதிச் செல்கிறது. தொலைவிலிருந்து வரும் ஒலி நீண்ட வாலோடு வந்து சேர்வதும், அதன் உயர் அதிர்வெண்கள் தேய்ந்து போவதும் இதனால்தான்.

ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று செய்திகள்: உருவ விவரம், விலங்கின் பெயர், உறுதி நிலை. முதலில் ‘இறங்கும் நடுக்கம்’, ‘வழுக்கொலி’ என்று கண்டதை எழுதுங்கள். பெயரைப் பிறகு எழுதுங்கள். பெயர் தவறானாலும் உருவ விவரம் பிழைத்திருக்கும், வேறொருவர் திருத்த முடியும். உறுதி நிலைக்கு 1 (குறைவு), 2, 3 (மிகுதி) போதும். ‘தெரியாது’ என்பதையும் ஒரு முழுமையான பெயராகக் கருதி எழுதுங்கள். ‘தெரியாது’ ஒன்றுகூட இல்லாத அட்டவணை வந்தால், நான் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

மின்வெட்டுக் காலங்களில் அட்டவணையைச் சேமிக்காமல் இழந்தவர்கள் பலர். ஒரு மணி நேரப் பதிவு முடிந்ததும் சேமித்துவிட்டே அடுத்ததைத் திறங்கள்.

8. எண்ணிக்கையைக் கையாளுதல்

அழைப்புகளின் எண்ணிக்கை விலங்குகளின் எண்ணிக்கை ஆகாது. ஒரே சிறுத்தைச் சீல் ஓரிரவில் நூற்றுக்கணக்கான அழைப்புகளைத் தரலாம். எனவே ‘இந்த மணியில் இந்தச் சீல் கேட்டது, கேட்கவில்லை’ என்ற இருமைப் பதிவையே முதல் அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு ஐந்து நிமிடம் மட்டும் பதிந்த கருவியையும் இடைவிடாது பதிந்த கருவியையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். ஒப்பிட வேண்டியிருந்தால், இடைவிடாத பதிவிலிருந்தும் அதே ஐந்து நிமிடங்களை மட்டும் எடுத்து எண்ணுங்கள்.

‘கேட்கவில்லை’ என்பதன் பக்கத்தில் அந்த மணியின் இரைச்சல் நிலையையும் எழுதுவது கட்டாயம். புயல் வீசிய மணியில் கேட்காததும் அமைதியான மணியில் கேட்காததும் ஒன்றல்ல. டெசிபெல்லில் எழுதினால், நீருக்கான அடிப்படை 1 மைக்ரோபாஸ்கல், காற்றுக்கானது 20 மைக்ரோபாஸ்கல் என்பதை மறவாதீர்கள். அடிப்படை மாறுவதால் மட்டுமே 26 டெசிபெல் வேறுபாடு வரும். கடல் ஒலியின் அளவை விமான இரைச்சலோடு ஒப்பிட்டு எழுதும் செய்திகள் பெரும்பாலும் இதில் தவறுகின்றன.

9. மறுபார்வை

முதல் வாரத்தில் குறித்த கோப்புகளைக் கடைசியில் ஒருமுறை, பழைய குறிகளைத் திறக்காமல், புதிதாகக் குறியுங்கள். காது இடையில் தேறியிருப்பதால் தொடக்கக் கோப்புகளும் இறுதிக் கோப்புகளும் ஒரே அளவுகோலில் இருக்காது. இந்த வேறுபாட்டை அளக்காமல் விட்டால், உங்கள் பயிற்சியின் முன்னேற்றம் சீல்களின் வருகையைப் போல வரைபடத்தில் தெரியும்.

பிறகு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை இன்னொருவரிடம் கொடுங்கள். பெயர்களையும் மாதத்தையும் மறைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் அவர் உங்களோடு ஒத்துப்போகவே முனைவார். இருவரும் வேறுபடும் இடங்களில் பேசித் தீர்த்து ஒருவர் பெயரை மற்றவர் ஏற்பதைவிட, இரு பெயர்களையும் அட்டவணையில் அடுத்தடுத்த நிரல்களில் வைத்திருப்பதே நல்லது. அத்தகைய வரிகளை உறுதி நிலை 1-க்கு இறக்கி, ஒலித்துண்டையும் தனியாக வெட்டி அதே வரி எண்ணில் சேமித்துவிடுங்கள். மூன்றாவது நபர் கேட்க வரும்போது முழுக் கோப்பையும் மீண்டும் திறக்க வேண்டியிருக்காது.